பாராளுமன்றத்துக்கு மனு: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகஜர் கையளிப்பது நம் மாவட்டத்துக்குப் புதிதில்லை. கச்சேரி வாசலில் ஒரு பதாகை, நாலு பேரின் பேச்சு, அரசாங்க அதிபரின் கையில் ஒரு கடிதம், மறுநாள் பத்திரிகையில் ஒரு படம். அந்தக் கடிதம் பிறகு எந்த மேசைக்குப் போனது என்று கேட்டால் கையொப்பம் இட்டவர்களில் ஒருவருக்கும் தெரிவதில்லை. மனு எழுத உதவி கேட்டு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். வழக்குக்குப் போக வேண்டிய விஷயமானால் சட்டத்தரணி ஒருவரைத்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் பிரச்சினைக்குப் பாராளுமன்றத்துக்குத்தான் மனு எழுத வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. பேனாவைத் தொடுமுன் ஒரு கேள்விக்கு விடை காணுங்கள்: இதற்குச் சட்டமே இல்லையா, சட்டம் இருந்தும் நடைமுறைப்படுத்துவார் இல்லையா, அல்லது இருக்கிற சட்டமே அநியாயமானதா? மூன்றுக்கும் வாசல்கள் வேறு.

டைனமைட் வைத்து மீன் பிடிப்பதை எடுத்துக்கொள்வோம். திருகோணமலைக் கரையோரத்தில் இது பழைய துன்பம். 'டைனமைட்டைத் தடைசெய்' என்று பாராளுமன்றத்துக்கு எழுதினால், 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டம் அதை ஏற்கெனவே தடைசெய்துவிட்டது என்று இரண்டு வரியில் பதில் வரும். பதில் சரியானதுதான், ஆனால் உங்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அங்கே கேட்க வேண்டியது வேறு: கடந்த ஆண்டில் இந்த மாவட்டத்தில் எத்தனை பேர் பிடிபட்டார்கள், எத்தனை வழக்குகள் தாக்கலாயின, வெடிமருந்து எங்கிருந்து வந்தது என்று விசாரித்தார்களா? இவற்றை ஓர் உறுப்பினர் மூலம் அமைச்சரிடம் சபையில் வாய்மூல வினாவாகக் கேட்கச் செய்யலாம். கேள்வியும் பதிலும் சபைப் பேச்சுகளின் அதிகாரபூர்வப் பதிவான ஹன்சாட்டில் ஏறிவிடும். பிறகு யாரும் 'அப்படி ஒரு முறைப்பாடு வரவில்லை' என்று சொல்ல முடியாது.

மாறாக, 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைப் பாருங்கள். பெண்கள் காதியாக (முஸ்லிம் விவாக விவகாரங்களை விசாரிக்கும் நீதிபதியாக) முடியாது, மணமகள் கையொப்பமிட வேண்டிய கட்டாயம் இல்லை, 12 வயதுக்குக் குறைந்த சிறுமியைக்கூடக் காதியின் அனுமதியோடு மணமுடிக்கலாம் என்று எழுதப்பட்ட சட்டம் அது. அரசியலமைப்பின் 16ஆவது உறுப்புரை, 1978க்கு முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லும் என்கிறது. ஆகவே நீதிமன்றக் கதவு இங்கே ஏறக்குறைய மூடியே இருக்கிறது. பாராளுமன்றம் ஒன்றுதான் வழி. கிழக்கின் முஸ்லிம் பெண்கள் ஆண்டுக்கணக்காகக் கொழும்புக்கு அலைந்ததன் காரணம் இதுதான். நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009இல் அமைத்த குழு தன் அறிக்கையை 2018 ஜனவரியில்தான் கையளித்தது. ஒரு குழு ஒன்பது ஆண்டுகள் உட்கார்ந்து எழுதுகிறதென்றால், கேட்கிறவர்களின் பொறுமையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உடைந்த வீதி?

முதலில் வீதி யாருடையது என்று பாருங்கள். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி தர வீதிகள் மாகாண வீதித் திணைக்களத்துக்கும், உள்வீதிகள் பெரும்பாலும் உள்ளூராட்சி சபைக்கும் உரியவை. பிரதேச சபை உறுப்பினர் தீர்க்க வேண்டிய விஷயத்தை நான்கு பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் ஜனாதிபதிக்கும் அனுப்பினால், எல்லோரும் சேர்ந்து அதைப் பிரதேச சபைக்கே திருப்பி அனுப்புவார்கள். மூன்று மாதம் வீண்.

சாதாரண மக்கள் கேட்டுச் சட்டம் வந்த கதை ஒன்றாவது உண்டா?

உண்டு. இழுவைமடித் தடை. கடலின் அடியை வாரிக்கொண்டு போகும் அந்தத் தொழிலுக்கு எதிராக வடக்கின் சிறு மீனவர்கள் நீண்டகாலம் மகஜர் கொடுத்தார்கள், வீதியில் இறங்கினார்கள், அமைச்சர்களைச் சந்தித்தார்கள். அந்தக் கோரிக்கையை, அப்போது தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த எம். ஏ. சுமந்திரன் தனிநபர் சட்டமூலமாக (அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் சட்டமூலம்) சபைக்குக் கொண்டுவந்தார். 2017 ஜூலையில் அது 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டமாக நிறைவேறியது. எதிர்த்தரப்பு உறுப்பினர் ஒருவர் கொண்டுவரும் சட்டமூலம் சட்டமாவது இலங்கையில் அபூர்வம். இங்கே அது நடந்ததற்கு, கோரிக்கை ஒற்றை வாக்கியத்தில் சொல்லக்கூடியதாக இருந்தது ஒரு காரணம் என்பது என் எண்ணம். 'மீனவர் வாழ்வாதாரத்தை மேம்படுத்துக' என்று கேட்டிருந்தால் ஆளுக்கொரு வலையும் ஒரு தையல் மெஷினும் கிடைத்திருக்கும்.

சட்டம் வந்த பிறகும் இழுவைப்படகுகள் வந்துகொண்டுதான் இருந்தன. அது முன்சொன்ன இரண்டாவது வகைப் பிரச்சினை. அதற்கு இன்னொரு மனு.

இன்னும் பழைய கதை வேண்டுமானால், 1927 டிசம்பரில் கொழும்பில் உருவான பெண்கள் வாக்குரிமைச் சங்கம். இலங்கையின் அரசியலமைப்பை மாற்றுவது பற்றி ஆராயப் பிரித்தானியா அனுப்பிய டொனமூர் ஆணைக்குழுவின் முன்னால் போய் அவர்கள் வாக்குரிமை கேட்டார்கள். ஆணைக்குழு 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மட்டும் கொடுக்கலாம் என்றது. 1931இல் 21 வயதான ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வந்தது. (மலையகத் தோட்டத் தொழிலாளரில் பலரை வதிவிட நிபந்தனை வெளியே நிறுத்தியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.)

தலைவர்கள் எழுத்தில் வாக்குறுதி தந்தால் போதாதா?

இந்தக் கேள்வியைத் திருமலையில் நின்று கேட்பது கொஞ்சம் வேடிக்கைதான். 1956 ஆகஸ்டில் தமிழரசுக் கட்சியின் மாநாடு இங்கேதான் கூடியது. சமஷ்டி, தமிழுக்குச் சம அந்தஸ்து, மலையகத் தமிழருக்குக் குடியுரிமை, குடியேற்றங்களை நிறுத்துதல் என்ற நான்கு கோரிக்கைகளை வைத்து ஓராண்டு காலக்கெடுவும் கொடுத்தது. கெடு முடியுமுன்னரே, 1957 ஜூலை 26இல், பிரதமர் பண்டாரநாயக்கவுக்கும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்துக்கும் இடையில் பண்டா – செல்வா ஒப்பந்தம் கைச்சாத்தானது. 1958 ஏப்ரலில் அது கைவிடப்பட்டது. சட்டமாகாத ஒப்பந்தத்தைக் காட்டி எந்த நீதிமன்றத்துக்கும் போக முடியாது. ஆகவே உங்கள் மனுவின் கடைசி வரி 'ஆவன செய்ய வேண்டுகிறோம்' என்று முடியக்கூடாது. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவைத் திருத்த வேண்டும், எந்த வர்த்தமானி அறிவித்தலை நீக்க வேண்டும் என்று முடிய வேண்டும்.

பாராளுமன்றத்துக்கு மனு எப்படிப் போகிறது? நேரே தபாலில் அனுப்பலாமா?

நேரே அனுப்பினால் அது வெறும் கடிதம். பாராளுமன்ற மனுவாக வேண்டுமானால் ஓர் உறுப்பினர் அதில் ஒப்பமிட்டுச் சபையில் சமர்ப்பிக்க வேண்டும். அமர்வின் தொடக்கத்தில் மனுக்களுக்கென்று ஒரு நேரம் இருக்கிறது. உறுப்பினர் எழுந்து இன்ன ஊரைச் சேர்ந்த இன்னாரின் மனு என்று சொல்லிக் கொடுப்பார். பிறகு அது பொது மனுக்கள் பற்றிய குழுவுக்குப் போகும். குழு சம்பந்தப்பட்ட திணைக்களத்திடம் அறிக்கை கேட்கலாம், உத்தியோகத்தர்களையும் மனுதாரரையும் அழைத்து விசாரிக்கலாம்.

இந்தக் குழுவைப் பற்றி ஓர் உண்மை. அது அதிகம் பயன்படுவது தனிமனிதருக்கு நேர்ந்த அநீதிக்கு: ஓய்வூதியம் நிறுத்தப்பட்டது, காணிக்கு நட்டஈடு வரவில்லை, பதவி உயர்வு மறுக்கப்பட்டது போன்றவை. பெரிய அரசியல் மாற்றம் கேட்கிறவர்கள் இதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. அவர்களுக்குத் தனிநபர் சட்டமூலம், ஒத்திவைப்பு விவாதம், வாய்மூல வினா என்று வேறு வழிகள் உண்டு. இவை ஒவ்வொன்றுக்கும் ஓர் உறுப்பினரின் மனது வேண்டும்.

எந்த உறுப்பினரிடம் போவது?

225 பேரில் நம் மாவட்டம் தெரிவு செய்து அனுப்புவது 4 பேரை. ஆனால் மாவட்ட உறுப்பினரிடம்தான் கொடுக்க வேண்டும் என்று விதி இல்லை. கடற்றொழில் விஷயத்தில் அக்கறை காட்டும் ஒருவர் வேறு மாவட்டத்தில் இருந்தால் அவரிடமும் போகலாம். என் அனுபவத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் கேள்வி கேட்பார், ஆளுங்கட்சி உறுப்பினர் அமைச்சரின் அறைக்குள் போவார். இரண்டும் தேவை. ஒரே நாளில் இரண்டு பேரையும் சந்தித்து, ஒருவரைச் சந்தித்ததை மற்றவருக்கு மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மறைத்தால் மாலைக்குள் தெரிந்துவிடும். திருகோணமலை அவ்வளவு பெரிய ஊர் இல்லை.

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தையும் கவனியுங்கள். உறுப்பினர்கள், அரசாங்க அதிபர், திணைக்களத் தலைவர்கள் எல்லோரும் ஒரு மேசையில் இருப்பது அப்போதுதான். உங்கள் விஷயத்தை நிகழ்ச்சிநிரலில் சேர்க்கும்படி கூட்டத்துக்கு முன்னரே எழுத்தில் கேளுங்கள். கூட்டம் நடக்கும் நாளில் வாசலில் நின்று கேட்டால் 'பிற விடயங்கள்' என்ற பகுதிக்குத் தள்ளிவிடுவார்கள். அது வரும்போது மதியச் சாப்பாடும் வந்துவிடும்.

எத்தனை கையொப்பம் வேண்டும்?

ஒன்று போதும். பிரித்தானியாவில் இணைய மனுவில் 10,000 பேர் ஒப்பமிட்டால் அரசாங்கம் பதில் தர வேண்டும், 100,000 ஆனால் விவாதத்துக்கு எடுப்பது பற்றி ஆலோசிப்பார்கள். இலங்கையில் அப்படி ஓர் எண்ணிக்கை கிடையாது. மக்கள் கையொப்பம் சேர்த்துச் சர்வசன வாக்கெடுப்பு நடத்த வைக்கும் வழியும் நம் அரசியலமைப்பில் இல்லை.

அதற்காகக் கையொப்பம் வீண் என்று சொல்லவில்லை. 2022இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்கக் கோரிக் காங்கேசன்துறையில் இருந்து அம்பாந்தோட்டை வரை ஊர்தியில் போய்க் கையெழுத்துச் சேகரித்தார்கள். 1979இல் தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவரப்பட்ட அந்தச் சட்டம் கையெழுத்துக்காகப் போய்விடவில்லை. ஆனால் வடக்குக் கிழக்கின் தனிப்பட்ட முறைப்பாடாகவே பார்க்கப்பட்ட ஒன்றுக்குத் தெற்கின் சந்தைகளிலும் ஆட்கள் நின்று கையொப்பமிட்டார்கள். அடுத்த தேர்தலில் வேட்பாளர்கள் எண்ணிப் பார்ப்பது அதைத்தான்.

கையொப்பத் தாளை எப்படித் தயாரிப்பது?

இதில்தான் பல மனுக்கள் தோற்கின்றன. முதல் பக்கத்தில் அழகாகக் கோரிக்கை, அடுத்து இருபது பக்கம் வெறும் கோடு போட்ட தாளில் பெயர்கள். அந்த இருபது பக்கத்தையும் கழற்றி வேறு எந்தக் கடிதத்தின் பின்னாலும் குத்திவிடலாம்! விஷயம் தெரிந்த உத்தியோகத்தர் முதலில் பார்ப்பது இதைத்தான். ஒவ்வொரு தாளின் தலையிலும் கோரிக்கை முழுவதும் அச்சாகியிருக்க வேண்டும். பக்க எண், சேகரித்தவரின் பெயர், திகதி கீழே இருக்கட்டும். ஒரே கையெழுத்தில் ஒரு குடும்பம் முழுவதற்கும் ஒப்பமிடுவதை அனுமதிக்க வேண்டாம். தந்தை ஒப்பமிட்டால் மகளுக்கும் சேர்த்துத்தான் என்ற எண்ணம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. மகள் வந்து தானே ஒப்பமிடட்டும்.

டச்சு விரிகுடாக் கடற்கரைப் பக்கம் மேசை போடுகிறவர்கள் தாள்களுக்கு மேலே கல் வைத்தால் மட்டும் போதாது. அங்கே திரியும் மான்கள் காகிதத்தையும் தின்னும். இது நகைச்சுவைக்காகச் சொன்னதில்லை.

மனுவில் என்ன எழுத வேண்டும், என்ன எழுதக் கூடாது?

ஒரு பக்கம். மிஞ்சினால் இரண்டு. மனுதாரரின் முழுப் பெயர், முகவரி, கையொப்பம். என்ன நடந்தது, எப்போதிலிருந்து, எத்தனை குடும்பங்கள், இதுவரை யாரிடம் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது, இப்போது என்ன வேண்டும். ஆதாரங்களின் பிரதிகளை இலக்கமிட்டு இணையுங்கள். மூலப் பிரதியை யாரிடமும் கொடுக்க வேண்டாம், அது யாராக இருந்தாலும்.

'மாண்புமிகு, பெருமதிப்புக்குரிய, ஏழைகளின் காவலர்' என்று அரைப் பக்கம் போகிற அழைப்பைத் தவிர்க்கலாம். 'கௌரவ' என்ற ஒரு சொல்லே போதும். திட்டவும் வேண்டாம், மரியாதையற்ற மொழியைக் காரணம் காட்டி மனுவை மறுக்கலாம். நீதிமன்றத்தில் வழக்கு நடந்துகொண்டிருந்தால் அதை மறைக்காமல் எழுதுங்கள்.

'பிரதி' என்று கீழே பதினான்கு பேரைப் போடும் வழக்கம் நமக்கு உண்டு. பதினான்கு பேருக்கு அனுப்பியதைப் பதினான்கு பேரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்றே விடுவார்கள். செய்யக்கூடிய ஒருவருக்கு எழுதுங்கள். அவர் செய்யாவிட்டால் கேட்கக்கூடிய ஒருவருக்குப் பிரதி போடுங்கள்.

மாகாண சபைக்கு எழுதலாமா?

உறுப்பினர்களுக்கு எழுத முடியாது, ஏனென்றால் அப்படி யாரும் இல்லை. 2012இல் தெரிவான கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடக்கவில்லை. கல்வி, சுகாதாரம், மாகாண வீதிகள் போன்ற மாகாண விடயங்களுக்கு உவர்மலையில் இருக்கும் ஆளுநர் செயலகத்துக்கும் பிரதம செயலாளருக்குமே எழுத வேண்டியிருக்கிறது. மக்கள் தெரிவு செய்யாத ஒருவரிடம் மக்கள் மனுக் கொடுப்பது எப்படி மக்களாட்சி ஆகும் என்று கேட்பீர்கள். மாகாண சபைத் தேர்தலை நடத்து என்பதையே ஒரு மனுவாக எழுதலாமே!

அதிகாரிகள் தகவல் தர மறுக்கிறார்கள். தகவல் இல்லாமல் எப்படி மனு எழுதுவது?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் இருக்கிறது. மனுவுக்கு முந்திய படியாக இதை வைத்துக்கொள்ளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் அல்லது மௌனமாக இருந்தால் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு (அதே அலுவலகத்தில் மேன்முறையீட்டை விசாரிப்பவர்) 14 நாட்களுக்குள் மேன்முறையீடு, அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்குள் தகவலுக்கான உரிமை ஆணைக்குழு.

கேள்வியை இறுக்கமாகக் கேளுங்கள். 'எங்கள் பாலம் ஏன் முடியவில்லை?' என்று கேட்டால் 'நிதிப் பற்றாக்குறை' என்பார்கள். 'ஒப்பந்தத்தின் பிரதி, ஒப்பந்தத்தில் குறித்த முடிவுத் திகதி, இதுவரை செலுத்திய தொகை, வேலை நிறுத்தப்பட்ட கடிதத்தின் பிரதி' என்று கேட்டால் தாள்தான் வர வேண்டும். கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் முடியாத இடத்தில் 2021 நவம்பர் 23ஆம் திகதி மிதப்புப் பாதை (ஆட்களை ஏற்றிக் கடத்தும் மிதவை) கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறந்த பிறகு, இத்தகைய கேள்விகளை முன்கூட்டியே கேட்பது ஏன் அவசியம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

மனுவா, வழக்கா?

அடிப்படை உரிமை மீறல் என்றால் நேரம் ஓடுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். மகஜர் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தே அந்த மாதத்தை இழந்தவர்கள் உண்டு. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆணைக்குழுவுக்குத் திருகோணமலையிலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது. நிருவாக அநீதிக்கு ஒம்புட்ஸ்மனிடம் (நிருவாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளர்) போகலாம்; 1994இன் திருத்தத்துக்குப் பிறகு உறுப்பினர் இல்லாமல் நேரேயும் எழுதலாம்.

நம் மாவட்டத்துச் சம்பூர், மனு, வழக்கு என்ற இரண்டு வழிகளும் சேர்ந்து நடந்த இடம். 2006இல் இடம்பெயர்ந்த மக்கள் கிளிவெட்டி முகாம் போன்ற இடங்களில் ஆண்டுக்கணக்கில் இருந்தபடி மனு எழுதினார்கள், வழக்கும் நடந்தது. ஆட்சி மாறிய பின் 2015இல் 818 ஏக்கர் காணியை முதலீட்டுக்கு ஒதுக்கிய வர்த்தமானி நீக்கப்பட்டது. கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கரும் 2016இல் விடுவிக்கப்பட்டது. அதே சம்பூரின் நிலக்கரி மின்நிலையத்தைக் கைவிடுவதாக 2016 செப்டெம்பரில் உயர் நீதிமன்றத்தில் அரசு அறிவித்தது, சூழலியலாளர் தொடுத்த வழக்கில். எந்தக் கடிதம் வென்றது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

சட்டமூலம் ஒன்று வருகிறது, அதை எதிர்க்க வேண்டும் என்றால் இன்னும் அவசரம். சபையின் ஒழுங்குப் பத்திரத்தில் (அன்றைய அலுவல்களின் பட்டியல்) ஏறிய பிறகு சில நாட்களுக்குள் எந்தக் குடிமகனும் உயர் நீதிமன்றத்தில் கேள்வி எழுப்பலாம். சட்டமாகிச் சபாநாயகர் சான்றுப்படுத்திய பின் எந்த நீதிமன்றமும் அதைக் கேள்விக்குட்படுத்த முடியாது.

இணையத்தில் மனு தொடங்கினால்?

ஊரறியச் செய்ய உதவும். உறுப்பினர் சமர்ப்பிக்கும் மனுவுக்கு ஈடாகாது.

பெயர், முகவரி கொடுத்தால் பின்னால் தொல்லை வருமா?

இந்தப் பயம் கற்பனையில்லை. வீட்டுக்கு வந்து 'யார் அழைத்தார்கள், எத்தனை பேர் வந்தீர்கள்' என்று விசாரித்துப் போன அனுபவம் கிழக்கில் பலருக்கு உண்டு. மனம் ஒப்பாதவரை வற்புறுத்தாதீர்கள். அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி எண் ஆகியவற்றைக் கையொப்பத் தாளில் எல்லோரிடமும் வாங்கத் தேவையில்லை. அந்தத் தாள் எத்தனை கைகளுக்குப் போகும் என்று உங்களுக்கே தெரியாது. ஊர்வலமாகப் போய்க் கையளிப்பதானால் குறைந்தது 6 மணி நேரத்துக்கு முன் பொலிஸுக்கு அறிவிக்க வேண்டும் என்று பொலிஸ் கட்டளைச் சட்டம் சொல்கிறது. எழுத்தில் அறிவித்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்குங்கள்.

என் மகனைத் தேடி எத்தனையோ ஆணைக்குழுவுக்கும் அலுவலகத்துக்கும் எழுதிவிட்டேன். இன்னும் ஏன் எழுத வேண்டும்?

இதைக் கேட்ட தாய்மாருக்கு நம்பிக்கை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன்: புதிதாக எழுதுவதைவிட, எழுதியவை எல்லாவற்றையும் திகதி வரிசையில் ஒரு கோப்பில் அடுக்குங்கள். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, ஆணைக்குழுவில் தந்த இலக்கம், காணாமல் போனோர் அலுவலகத்தின் கடிதம், எல்லாம். இரண்டு பிரதிகள், இரண்டு வீடுகளில். ஒவ்வொரு அலுவலகமும் கதையை முதலிலிருந்து சொல்லச் சொல்லும். அந்தக் கோப்பை மேசையில் வைத்துவிட்டு, இதில் எது இல்லை என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். உங்களுக்கு முடியாத நாளில் அந்தக் கோப்போடு மகளோ பேரனோ போகவும் முடியும்.

தமிழில் எழுதினோம், பதில் சிங்களத்தில் வந்திருக்கிறது. என்ன செய்வது?

தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறுவது உங்கள் உரிமை. வடக்குக் கிழக்கில் தமிழ் நிருவாக மொழியும்கூட. பக்கத்து வீட்டுச் சிங்களம் தெரிந்த பிள்ளையிடம் வாசித்துக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடாதீர்கள். தமிழ்ப் பதில் கேட்டு இரண்டு வரிக் கடிதம் ஒன்றைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், வராவிட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்யுங்கள். சிங்களக் கடிதத்தையும் எறிய வேண்டாம். மேன்முறையீட்டுக்கான நாட்கள் அந்தக் கடிதம் கிடைத்த திகதியில் இருந்தே எண்ணப்படலாம். ஆகவே தபால் முத்திரை தெரியும்படி உறையையும் சேர்த்தே கோப்பில் வையுங்கள்.